மலையிலிருந்து சட்டத்தில் முனைவர் பட்டம்: முழுநேரமா, பகுதிநேரமா, வெளிநாடா?

போன ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. காலையிலிருந்து விடாத மழை, கரண்டும் இல்லை. கோத்தகிரியிலிருந்து வரும் என் ஜூனியர் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் பிஎச்.டி. சேர்க்கைக்கும் எழுதும் நெட் தேர்வின் முடிவு வந்திருந்தது. அதில் மேலே வருபவர்களுக்குத்தான் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை.

"அக்கா, பிஎச்.டி. சேர மார்க் இருக்கு, ஜே.ஆர்.எஃப்.தான் கிடைக்கல. அப்பா பெங்களூருக்குப் போங்கறார். சித்தப்பா, போறதுன்னா லண்டனுக்கே போயிடுன்னு சொல்றார். எனக்குக் கோர்ட்டை விட்டுட்டுப் போகவும் மனசு வரல. நீங்க என்ன சொல்றீங்க?"

அன்று அவளிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் ஊட்டியில் வக்கீல். கோவையில் சட்டம் படித்து, எல்.எல்.எம். முடித்து, தொழில் பார்த்துக்கொண்டே பகுதிநேரமாக முனைவர் பட்டம் வாங்கியவள். ஏழு வருடம் பிடித்தது. நான் போன வழிதான் எல்லோருக்கும் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் மலையில் இருப்பவர்கள் இந்த முடிவை எடுக்கும்போது கீழே இருப்பவர்கள் சொல்லும் கணக்கையே போட்டுப் பார்க்கிறார்கள். நம் கணக்கு வேறு.

முதலில், எங்கே சேர்ந்தாலும் மாறாத விதிகளைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைகள்தான் இப்போது அடிப்படை. எல்.எல்.எம்.மில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு 5 சதவீதம் தளர்வு உண்டு. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6 வருடம், அதற்குமேல் 2 வருடம் நீட்டிப்பு. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2 வருடம் சேர்த்து மொத்தம் 10 வருடம் வரை போகலாம். பெண்களுக்கு மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பாக 240 நாள் வரை தருவார்கள். இதைத் தெரியாமலே பாதியில் விட்டவர்களை எனக்குத் தெரியும். பகுதிநேரம் செல்லும், வேலையில் இருப்பவர்கள் அலுவலகத்தில் என்.ஓ.சி., அதாவது ஆட்சேபணை இல்லை என்ற சான்று, வாங்க வேண்டும். தொலைதூரக் கல்வியிலோ ஆன்லைனிலோ வாங்கும் பிஎச்.டி. செல்லாது. "வீட்டில் இருந்தபடியே டாக்டர் பட்டம்" என்று வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள். 2024 ஜூனிலிருந்து நெட் மதிப்பெண்ணை வைத்தே பிஎச்.டி.க்குச் சேரலாம், ஆனால் அந்த மதிப்பெண் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்பது இரண்டாவது கேள்வி. உன் ஆராய்ச்சிக்கு வேண்டிய காகிதங்கள் எங்கே கிடக்கின்றன என்பதுதான் முதல் கேள்வி.

நம் ஊர்க் காகிதங்களின் மதிப்பு நமக்கே தெரிவதில்லை. அரசமைப்புச் சட்டம் நடத்தும் எந்த வகுப்பிலும் ஐ.ஆர். கொயலோ தீர்ப்பைத் தொடாமல் முடியாது. ஒன்பது நீதிபதிகள் அமர்ந்து 2007 ஜனவரி 11 அன்று சொன்ன தீர்ப்பு: நீதிமன்றம் கேள்வி கேட்க முடியாதபடி சட்டங்களைக் காக்க வைத்த ஒன்பதாவது அட்டவணையில் 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு சேர்த்த சட்டங்களையும், அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை மீறுகின்றனவா என்று நீதிமன்றம் பார்க்கலாம். அந்த வழக்கின் வேர் நம் கூடலூர். ஜென்மம் என்றால் மலபார் வழக்கப்படியான பரம்பரை நில உரிமை. 1969ஆம் ஆண்டு கூடலூர் ஜென்மம் எஸ்டேட்டுகள் ஒழிப்புச் சட்டத்தில் காடுகள் பற்றிய பகுதி செல்லாது என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1974இல் அந்தச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் கொண்டுபோய் வைத்தார்கள். அங்கிருந்துதான் எல்லாம் கிளம்பியது. நாடு முழுக்கக் 'காடு' என்ற சொல்லுக்கே பொருள் சொன்ன கோதவர்மன் வழக்கு 1995இல் கூடலூர்ப் பக்கத்து மரவெட்டில் தொடங்கியதுதான். சீகூர் யானை வழித்தட வழக்கில் 2020 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. இவற்றையெல்லாம் டெல்லியில் உட்கார்ந்து எழுதியவர்கள் நிறைய. மசினகுடியிலும் ஓவேலியிலும் அந்தத் தீர்ப்புகளுக்குப் பிறகு என்ன நடந்தது என்று உட்கார்ந்து எழுதியவர்கள் குறைவு.

என் ஆராய்ச்சி அந்த ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் குத்தகை நிலம், அதாவது பிரிவு 17 நிலம் பற்றியது. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யாரிடம் கேட்டாலும் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்வார்கள். சட்டப் புத்தகத்தையே பார்த்திராத பாட்டி கூடச் சொல்வார், ஏனென்றால் வீட்டுக்குக் கரண்ட் வராததற்குக் காரணம் அந்த எண்தான். நிலம் முன்பு நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்மம். அந்தப் பகுதியே 1877 வரை மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனால் பழைய ஆவணங்கள் மலையாளத்தில் இருக்கும். மவுண்டாடன் செட்டி வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பழைய பாட்டச்சீட்டு (குத்தகைச் சீட்டு) இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். முதல் தடவை கட்டன் சாயா கொடுத்து அனுப்பிவிட்டார். இரண்டாம் தடவை, "அறுப்பு முடியட்டும்மா" என்றார். மூன்றாம் தடவைதான் கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்தார். பழைய வேட்டித் துணியில் சுற்றி, கரையான் வராமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். மடிப்பில் விரல் பட்டாலே பொடிந்துவிடும் காகிதம். கடைசி வரியில் கோவிலகத்துக் காரியஸ்தரின் கையெழுத்து. படித்துச் சொல்ல, ஓய்வுபெற்ற மலையாள வாத்தியார் ஒருவரை அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு நான்காம் தடவை போனேன். என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம் அந்த ஒரு தாளில் நிற்கிறது.

நான் பெங்களூரிலோ சென்னையிலோ விடுதியில் இருந்திருந்தால் அந்த நான்காம் தடவை வந்திருக்காது. பகுதிநேரத்தின் பலம் இதுதான். செலவு மிச்சமாவதும் தொழில் விட்டுப்போகாமல் இருப்பதும் அதற்குப் பிறகுதான்.

அதன் கஷ்டத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆய்வு மாணவர்கள் வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டிய கோர்ஸ் ஒர்க் நடந்த மாதங்களில் என் வழக்குக் கட்டுகளை என் சீனியர் பார்த்துக்கொண்டார். அப்படி ஒருவர் இல்லாதவர்கள் வாய்தா வாங்கியே கட்சிக்காரர்களை இழப்பார்கள். ஆய்வுக் குழுக் கூட்டம் என்றால் மேட்டுப்பாளையம் இறங்கி, இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, விடியற்காலை சென்ட்ரலில் முகம் கழுவி, இருபது நிமிடக் கூட்டத்தை முடித்து, அன்று இரவே திரும்பும் வண்டி. எழுதுவதற்கு எனக்குக் கிடைத்த நேரம் அதிகாலை நான்கிலிருந்து ஆறு. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது கை விரல் மடங்காது. ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டச்சு செய்வேன். அதையெல்லாம் விடப் பெரியது தனிமை. பேசி, சண்டை போட்டு, "இது தப்பு" என்று சொல்ல உடன் படிப்பவர் யாரும் பக்கத்தில் இல்லை. நல்ல ஆராய்ச்சிக்கு அந்தச் சண்டை வேண்டும். ஏழு வருடத்தில் இரண்டு வருடம் நான் தவறான வாதத்தைப் பிடித்துக்கொண்டு ஓடியதற்குக் காரணம் அதுதான் என்று இப்போது தெரிகிறது.

முழுநேரத்தில் கிடைப்பது அந்தச் சண்டைதான். கூடவே நூலகம், கருத்தரங்கு, காலையிலிருந்து இரவு வரை ஒரே விஷயத்தில் மனம் நிற்பது. நமக்கு எட்டும் தூரத்தில் மூன்று இடம் சொல்லலாம். சென்னை பெருங்குடியில் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம்; திருச்சியில் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகம்; பெங்களூரு நாகர்பாவியில், 1987இல் நிறுவிய இந்திய தேசிய சட்டப் பள்ளி. கூடலூர்க்காரர்களுக்குச் சென்னையைவிடப் பெங்களூருதான் பக்கம். பந்திப்பூரில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 வரை வண்டி விடமாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருப்பதால், பழைய வருவாய்த் துறைக் கோப்புகளைப் புரட்ட வேண்டியவர்களுக்குச் சென்னை வசதி.

பணத்தைப் பொறுத்தவரை முழுநேரம் என்பது ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் ஒரு கதை, கிடைக்காவிட்டால் வேறு கதை. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000, வீட்டு வாடகைப் படி தனி. மலை கோர்ட்டுகளில் ஒரு ஜூனியர் முதல் சில வருடங்களில் பார்க்காத பணம் அது. வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து வருடம் தளர்வு, எல்.எல்.எம். முடித்தவர்களுக்கு மூன்று வருடத் தளர்வு இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆனால் அந்த உதவித்தொகை வாங்கிக்கொண்டே வக்காலத்தும் போட்டு ஃபீஸ் வாங்க முடியாது. கோர்ட்டை மூன்று, நான்கு வருடம் மறக்க வேண்டும். சின்ன ஊர் கோர்ட்டில் நான்கு வருடம் காணாமல் போனால் கட்சிக்காரர்கள் வேறு வக்கீலிடம் போய்விடுவார்கள். திரும்பி வந்து முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஜே.ஆர்.எஃப். இல்லாமல் முழுநேரம் போவதை, வீட்டில் வேறு வருமானம் இல்லாத யாருக்கும் நான் சொல்லமாட்டேன். மூன்றாம் வருடம் கையில் காசில்லாமல், கெஸ்ட் லெக்சரர் வேலைக்கு ஓடி, ஆய்வேட்டைக் கிடப்பில் போட்டவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

வெளிநாடு பற்றிச் சித்தப்பாமார்கள் சொல்வதில் பாதி சரி. இங்கிலாந்தில் பெரும்பாலும் கோர்ஸ் ஒர்க் இல்லை. முதல் நாளிலிருந்தே ஆய்வேடுதான், மூன்று நான்கு வருடத்தில் முடியும். காமன்வெல்த் உதவித்தொகை முனைவர் பட்டத்துக்கும் உண்டு. அமெரிக்காவில் எஸ்.ஜே.டி., ஜே.எஸ்.டி. என்பவைதான் ஆராய்ச்சிப் பட்டம்; பெரும்பாலும் அங்கேயே எல்.எல்.எம். முடித்தவர்களைத்தான் எடுப்பார்கள், ஆக அந்த ஒரு வருடச் செலவும் சேரும். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் பொதுவாக இல்லை, ஆனால் ஏற்றுக்கொள்ளும் பேராசிரியரை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். உலகத் தரவரிசையில் முதல் 500க்குள் வரும் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பிஎச்.டி. இருந்தால் இங்கே உதவிப் பேராசிரியர் வேலைக்கு நெட் தேவையில்லை என்பது ஒரு லாபம்.

யாருக்கு வெளிநாடு பொருந்தும்? மறுபடியும் காகிதக் கேள்விதான். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் காலத்தில் தோடர்களின் நிலத்துக்கு என்ன உரிமை என்று கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் அடித்துக்கொண்ட சண்டையை ஒருவர் ஆராய விரும்பினால், இந்தியா ஆபீஸ் பதிவேடுகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவர் போகத்தான் வேண்டும். இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அரசு பட்டியலிட்ட, மிகவும் நலிவடைந்த பழங்குடிகள் ஆறும் நம் மலையில் இருக்கிறார்கள்: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். மத்தியப் பழங்குடியினர் நலத்துறையின் வெளிநாட்டு உதவித்தொகையில் வருடத்துக்கு 20 இடம், அதில் 3 இடம் இப்படிப்பட்ட சமூகங்களுக்கென்றே ஒதுக்கியது. முனைவர் பட்டத்துக்கும் அது உண்டு. பந்தலூரிலோ கோத்தகிரியிலோ சட்டம் படித்த ஒரு பணியர், ஒரு இருளர் பிள்ளையின் காதில் இந்தச் செய்தி விழாமல் போவதுதான் எனக்குத் தாங்கவில்லை. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பிஎச்.டி. வேண்டாம் என்ற வழியையும் நேர்மையாக வைக்க வேண்டும். சட்டக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் வேலைதான் குறி என்றால், 2023 ஜூலையிலிருந்து நெட் அல்லது அதைப் போன்ற மாநிலத் தேர்வான ஸ்லெட் போதும், பிஎச்.டி. கட்டாயமில்லை. இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால்தான் கட்டாயம். வக்கீல் தொழிலை விடாமலே தினம் மூன்று மணி நேரம் வரை சட்டம் கற்பிக்கப் பார் கவுன்சில் விதி அனுமதிக்கிறது. சிவில் நீதிபதி தேர்வு எழுதுபவருக்கு முனைவர் பட்டத்தால் ஒரு மதிப்பெண்ணும் கூடாது. பெயருக்கு முன்னால் 'முனைவர்' போட்டுக்கொள்ள மட்டும் ஆசை என்றால் ஐந்தாறு வருடம் மிகப் பெரிய விலை.

எந்த வழியில் போனாலும், முடிப்பதும் முடிக்காததும் கைடை, அதாவது ஆய்வு வழிகாட்டியைப் பொறுத்தது. என் முதல் கைடு பெரிய பெயர். பதினான்கு மாதம் என் முதல் அத்தியாயம் அவர் மேசையில் இருந்தது. கடைசியில் திருப்பிக் கொடுத்தபோது நான் போட்ட கிளிப் போட்டபடியே இருந்தது, ஒரு பக்கம் கூடத் திரும்பியிருக்கவில்லை. ரயிலில் அழுதுகொண்டே வந்தேன். கைடு மாற்றப் படிவம் போட்டு, கையெழுத்துக்கு அலைந்து, எட்டு மாதம் போனது. இரண்டாவதாகக் கிடைத்தவர் யாரும் அறியாதவர், ஆனால் ஒவ்வொரு பக்கத்தையும் பென்சிலோடு படித்தார். ஓரத்தில் பாதி இடத்தில் ஒரே கேள்வி எழுதியிருப்பார்: "யார் சொன்னது?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி வரை போனேன்.

அதனால் சேர்வதற்கு முன்பே மூன்று காரியம் செய்யுங்கள். ஷோத்கங்கா இணையதளத்தில் அந்தக் கைடிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் இருக்கும். இரண்டையாவது முழுசாகப் படியுங்கள். சேர்ந்த வருடத்தையும் முடித்த வருடத்தையும் பாருங்கள். ஒரே சமயத்தில் பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் எடுக்கலாம். ஓய்வுக்கு மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் எடுக்கக்கூடாது. அப்புறம், அவரிடம் இப்போது படிக்கும் ஒருவருக்குப் போன் போட்டு, "கடைசியாக எப்போது உங்கள் அத்தியாயத்தைப் படித்துக் கொடுத்தார்?" என்று கேளுங்கள். பதில் வரும் முன்னால் எவ்வளவு நேரம் தயங்குகிறார் என்பதிலேயே தெரிந்துவிடும்.

என் ஜூனியருக்கு நான் என்ன சொன்னேன்? அவள் ஆராய நினைப்பது பச்சைத் தேயிலை விலை. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் தோட்டம். 2003 தேயிலைச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விற்ற விலையில் விவசாயிக்கு 65, தொழிற்சாலைக்கு 35 என்ற பங்கீடு காகிதத்தில் இருக்கிறது. அவள் வீட்டுக்கு வரும் பணத்தில் அது எப்படித் தெரிகிறது என்பதுதான் கேள்வி. அதற்கு வேண்டிய தேயிலை வாரிய அலுவலகமும் ஏல மையமும் குன்னூரில், விவசாயிகள் அவள் தெருவில். அதனால் லண்டன் வேண்டாம் என்றேன். வயது 28தான் ஆகிறது, 35 வரை இடமிருக்கிறது. டிசம்பரில் இன்னொரு தடவை நெட் எழுது, ஜே.ஆர்.எஃப். வந்தால் சென்னையோ திருச்சியோ முழுநேரம் போய், களப்பணிக்கு மாதாமாதம் வீட்டுக்கு வா என்றேன். வராவிட்டால் பகுதிநேரம், ஆனால் படிக்கிற கைடு கிடைத்த பிறகுதான் என்றும் சொன்னேன். பெங்களூரை அவள் விடவில்லை. "அங்க இந்த விஷயத்துல ஆள் இருந்தா போறேன் அக்கா, இல்லன்னா வேண்டாம்" என்றாள். அது சரியான பதில்.

போன வெள்ளிக்கிழமை மறுபடி வந்தாள். சினாப்சிஸ், அதாவது ஆய்வுத் திட்டச் சுருக்கம், எழுதிக்கொண்டு வருவாள் என்று பார்த்தேன். கையில் இருந்தது அவள் அப்பாவின் மாதாந்திர இலைப் பில். எடைக்கு எதிரே ஈரத்துக்குக் கழிவு என்று ஒரு வரி, அதைப் பேனாவால் சுழித்திருந்தாள். "மழை இல்லாத மாசத்துலயும் பிடிச்சிருக்காங்க அக்கா. இது எந்தச் சட்டத்துல இருக்கு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருமாக ஆணையின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.